விலையைப் போட்டீர்கள், எப்படிப் பொறுக்கி எடுப்பது என்று சொல்லவில்லையே!

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் ஜெனரேட்டிவ் ஆர்ட், அதாவது கலைஞர் எழுதிய கம்ப்யூட்டர் நிரல் (புரோகிராம்) வரையும் படங்கள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். டிமிட்ரி செர்னியாக்கின் 'வாத்து' படம் 2023-இல் சோதபிஸ் ஏலத்தில் 62 லட்சம் டாலருக்குப் போனதைக் கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்கள். சரி. மாதச் சம்பளக்காரன் ஒருவன் ஆசைப்பட்டு ஒன்று வாங்கப் போனால் எதைப் பார்த்து வாங்குவது? அதற்கு ஒரு வரிகூட இல்லை.

நான் திருப்பூர்க்காரன். மொரீசியஸில் ஒரு பனியன் ஃபேக்டரியில் 14 வருடமாகச் செக்கிங் வேலை. ரூமில் கூட இருக்கும் தம்பிதான் இந்தப் படங்களை விற்கும் எஃப்எக்ஸ்ஹாஷ் என்ற இணையதளத்தைக் காட்டினான். கலைஞர் அங்கே வைப்பது படத்தை அல்ல, நிரலை. நாம் பணம் கட்டும்போது ஒரு எண் பிறக்கும். அதை வைத்து நிரல் ஒரு படம் வரையும். நமக்கு என்ன விழுந்தது என்பது கட்டின பிறகுதான் தெரியும். முகப்புப் படத்தில் கறுப்புக் கோடுகள் நூல்கண்டு பிரிந்த மாதிரி சுழன்றிருந்தன. மயங்கி 6 டெஸ் (அங்கே புழங்கும் கிரிப்டோ நாணயம்) கட்டினேன். எனக்கு வந்ததோ மூலையில் நாலு கோடு, மிச்சமெல்லாம் வெள்ளை. "அண்ணா, உங்களுக்குச் செகண்ட்ஸ் பீஸ் விழுந்திருச்சு" என்று தம்பி சிரித்தான்.

அப்போதுதான் உறைத்தது. ஒரு ரோல் துணி வந்தால் முதல் மீட்டரைப் பார்த்து நாங்கள் பாஸ் போடுவதில்லை. விளக்கு மேஜையில் முழுசாக ஓடவிட்டு ஓட்டை, நூல் விட்டது, எண்ணெய்க் கறை என்று ஒவ்வொன்றாக எண்ணுவோம். இங்கே மட்டும் ஏன் முகப்பைப் பார்த்து ஏமாந்தேன்?

இப்போதெல்லாம் அந்த நிரலில் இதுவரை வந்த எல்லாப் படங்களையும் திறந்து, சுமாரான பத்தைத் தேடிப் பிடிப்பேன். அந்தப் பத்தும் தேறினால் நிரல் நல்ல நிரல். 1968-இல் கம்ப்யூட்டரில் வரையத் தொடங்கிய ஓவியர் வேரா மோல்னாரால், நிறையப் போட்டுப் பார்த்துப் பிடித்ததை மட்டும் எடுத்து வைக்க முடிந்தது. ஆனால் டைலர் ஹாப்ஸ் 2021-இல் செய்த ஃபிடென்சா என்ற நிரலிலிருந்து 999 படங்கள். வாங்குகிறவர் கைக்குப் போனதை ஓவியர் கிழித்துப் போட முடியாது. உங்கள் கட்டுரை இதைக் கோலத்தோடு ஒப்பிட்டது. என் அம்மா புள்ளி தப்பினால் புறங்கையால் அழித்துவிட்டு மறுபடி போடுவார். இங்கே அழிக்க வழியில்லை, அதுதான் வித்தியாசம்.

இன்னொன்று, 'அபூர்வம்' என்ற பேச்சு. ஆயிரத்தில் மூன்றுக்குத்தான் தங்க நிறப் பின்னணி என்பார்கள், விலை ஏறிவிடும். பிரிண்ட் தப்பிய சட்டைகூட அபூர்வம்தான், அதை யாரும் ஷோரூமில் தொங்கவிடுவதில்லை. கோப்பு எங்கே இருக்கிறது என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆர்ட் பிளாக்ஸ் என்ற தளத்தில் நிரல் எத்தேரியம் சங்கிலியிலேயே (பல கம்ப்யூட்டர்களில் நகல் இருக்கும் பொதுப் பதிவேடு, பிளாக்செயின்) இருக்கிறது. ஐபிஎஃப்எஸ் என்ற கோப்புப் பகிர்வு வலையில் வைத்தது, யாராவது தங்கள் கம்ப்யூட்டரில் வைத்துக் காப்பாற்றும் வரைதான்.

இரண்டு மாதம் பார்த்துவிட்டு, வேறொருவர் விற்பனைக்குப் போட்டிருந்த ஒரு படத்தை 4 டெஸ்ஸுக்கு எடுத்தேன். மழை விட்ட கரும்புக்காட்டுப் பச்சை. அதன்மேல் நெருக்கமாகக் கோடுகள். கீழே இடப்பக்கம் இரண்டு கோடுகள் முட்டப்போய், கடைசியில் மயிரிழையில் விலகும். போனில் தெரியாது, பெரிய திரையில் நிரலை ஓடவிட்டால்தான் தெரியும்.

எங்கள் வீட்டுக்கார அம்மா இந்த ஊர்த் தமிழர், தைப்பூசத்துக்கு விரதம் தவறாதவர். தமிழ் கொஞ்சம், கிரியோல் மிச்சம். லேப்டாப்பில் அந்தப் படத்தைப் பார்த்து "கி சா?" (இது என்ன?) என்றார். நான் விளக்கத் தொடங்குவதற்குள், கோடுகள் விலகும் அந்த இடத்திலேயே விரலை வைத்துவிட்டார்.

அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது, விலை போட்ட இடத்தில் ஒரே நிரலிலிருந்து இருபது படங்களைப் போடுங்கள். மட்டமானதையும் சேர்த்துத்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
ரோஸ் ஹில், மொரீசியஸ்