எரிபொருள் கட்டணத்துக்கு ஒரு சூத்திரம் வேண்டும்: சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்துக்குத் திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைமை இயக்குநர் அவர்களுக்கு,

2023 அக்டோபர் 6ஆம் தேதி இண்டிகோ தன் டிக்கெட்டுகளில் எரிபொருள் கட்டணத்தைத் தனியாகச் சேர்த்தது. 500 கிலோமீட்டர் வரை 300 ரூபாய், 3,500 கிலோமீட்டரைத் தாண்டினால் 1,000 ரூபாய். 2024 ஜனவரி 4ஆம் தேதி அதை எடுத்துவிட்டது. எவ்வளவு தூரத்துக்கு எவ்வளவு என்ற பட்டியல் வெளியானது. எண்ணெய் விலை எவ்வளவு இறங்கினால் கட்டணம் எவ்வளவு இறங்கும் என்ற பட்டியல் வெளியாகவில்லை. சேர்ப்பதும் எடுப்பதும் நிறுவனத்தின் விருப்பம் என்ற இந்த ஏற்பாட்டைத்தான் மாற்றச் சொல்கிறோம்.

ஒரு இ-டிக்கெட்டைப் பிரித்துப் பாருங்கள். கே3 என்பது ஜிஎஸ்டி. அது அரசுக்குப் போகிறது. விமான நிலையப் பயன்பாட்டுக் கட்டணம் நிலையத்துக்குப் போகிறது. எரிபொருள் கட்டணமும் நிறுவனம் போடும் பிற கூடுதல் கட்டணங்களும் ஒய்க்யூ, ஒய்ஆர் என்ற குறிகளில் வருகின்றன. அந்தத் தொகை மட்டும் விமான நிறுவனத்துக்கே போகிறது. ஆனால் பல முன்பதிவுத் திரைகள் இவை எல்லாவற்றையும் ‘வரிகளும் கட்டணங்களும்’ என்று ஒரே வரியில் கூட்டிவிடுகின்றன. பார்ப்பவர் அத்தனையும் அரசு வாங்குவதாக நினைத்துக்கொள்கிறார்.

எரிபொருள் செலவை அடிப்படைக் கட்டணத்திலேயே சேர்த்துவிடலாமே, எதற்காகத் தனியே வைக்கிறார்கள்? முகவர் கமிஷன் இருக்கும் இடங்களில் அது பெரும்பாலும் அடிப்படைக் கட்டணத்தின் மீதுதான் கணக்கிடப்படுகிறது. குழந்தைகளுக்கான கழிவும், பல நிறுவன ஒப்பந்தத் தள்ளுபடிகளும் அப்படியே. அடிக்கடி பறந்து சேர்த்து வைத்த மைல் புள்ளிகளைக் கொடுத்து ‘இலவச’ டிக்கெட் எடுப்பவர், பல நிறுவனங்களில் ஒய்க்யூ தொகையைப் பணமாகக் கட்ட வேண்டியிருக்கிறது. நீண்ட தூர வணிக வகுப்பில் அது பல்லாயிரம் ரூபாய். ஆக, எண்ணெயின் பெயரைச் சொல்லி வாங்கும் தொகை, தள்ளுபடி தொடாத இன்னொரு அடிப்படைக் கட்டணமாகவே வேலை செய்கிறது.

ரத்து செய்யும்போதும் இதே சிக்கல். ரத்துக் கட்டணம் அடிப்படைக் கட்டணத்தையும் எரிபொருள் கட்டணத்தையும் கூட்டிய தொகையைத் தாண்டக் கூடாது என்கிறது உங்கள் விதி. சட்டப்படியான வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும், பயணி வராமலே போனாலும், திருப்பித் தர வேண்டும் என்றும் சொல்கிறது. ஒரு கணக்கு: அடிப்படை 2,200, எரிபொருள் 800, நிலையக் கட்டணங்கள் 500, ஜிஎஸ்டி 150. மொத்தம் 3,650. ரத்துக் கட்டணம் 3,000 வரை போகலாம். ‘வரிகளும் கட்டணங்களும் 1,450’ என்று திரையில் பார்த்தவர் அத்தனையும் திரும்பி வரும் என்று காத்திருப்பார். அதில் 800 வராது. பறக்காதவரின் எரிபொருள் கட்டணத்தையும் நிறுவனம் வைத்துக்கொள்ள இந்த விதியே இடம் கொடுக்கிறது. அந்த உச்சவரம்பிலிருந்து எரிபொருள் கட்டணத்தை நீக்குங்கள்.

சூத்திரம் இல்லாத கட்டணம் என்ன ஆகும் என்பதற்குச் சரக்குப் போக்குவரத்தே சாட்சி. 2008 மே மாதம் உள்நாட்டு விமானச் சரக்குக்குக் கிலோவுக்கு 5 ரூபாய் என்று எரிபொருள் கட்டணம் வந்தது. பின்பு எண்ணெய் விலை இறங்கியபோது கட்டணம் அதற்கேற்ப இறங்கவில்லை. நிறுவனங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போய்க் கட்டணத்தை நிர்ணயித்ததாகக் கண்ட இந்தியப் போட்டி ஆணையம், 2018 மார்ச்சில் மூன்று விமான நிறுவனங்களுக்குச் சுமார் 54 கோடி ரூபாய் அபராதம் விதித்தது.

ஜப்பானில் சர்வதேச டிக்கெட்டுகளுக்கு இதே கட்டணம் உண்டு. ஆனால் சிங்கப்பூர் சந்தையில் விமான எரிபொருளின் இரண்டு மாதச் சராசரி விலைதான் அதற்கு அளவுகோல். எந்த விலைக்கு எவ்வளவு என்ற அட்டவணையை நிறுவனங்கள் முன்கூட்டியே வெளியிடுகின்றன. குறித்த அளவுக்குக் கீழே சராசரி இறங்கினால் கட்டணம் பூஜ்யம். நம் நாட்டில் இது இன்னும் எளிது. எண்ணெய் நிறுவனங்கள் ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதி விமான எரிபொருள் விலையை மாற்றுகின்றன. அந்த எண்ணோடு கட்டணத்தைக் கட்டிவிட்டால் போதும். விமான எரிபொருள் ஜிஎஸ்டிக்கு வெளியே நிற்பதும், மாநிலத்துக்கு மாநிலம் வாட் மாறுவதும் நிறுவனங்களுக்கு உண்மையான சுமைதான், மறுக்கவில்லை. அதை அரசுகளிடம் பேசித் தீர்க்க வேண்டும்.

இருக்கைக் கட்டணம் பற்றியும் ஒரு சொல். விருப்பப்பட்டவர் மட்டும் தேர்ந்தெடுக்கலாம் என்பது உங்கள் சுற்றறிக்கை. 12 வயது வரையான குழந்தைக்குப் பெற்றோரில் ஒருவர் பக்கத்திலாவது இடம் தர வேண்டும் என்று 2024 ஏப்ரலில் சொன்னீர்கள். அப்படியிருந்தும், இணையச் செக்-இன் வரைபடத்தில் விலை போட்ட இருக்கைகளே கண்ணில் படுகின்றன. கட்டணம் கட்டாமல் தொடரும் பொத்தான் சின்ன எழுத்தில் ஒரு மூலையில் கிடக்கிறது. அந்தப் பொத்தான் கட்டணப் பொத்தானின் அளவிலேயே இருக்க வேண்டும் என்று ஆணையிடுங்கள்.

இதற்கெல்லாம் அதிகாரம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. விமான நிலையக் கவுன்ட்டரில் போர்டிங் பாஸ் அச்சிட்டுத் தரச் சில விமான நிறுவனங்கள் 200 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தன. 1937ஆம் ஆண்டு விமான விதிகளுக்கு அது பொருந்தாது என்று 2022 ஜூலையில் அமைச்சகம் ஒரே உத்தரவில் நிறுத்தியது. அதே வழியில், ஒய்க்யூ, ஒய்ஆர் தொகைகள் திரையில் ‘நிறுவனம் வாங்கும் கட்டணம்’ என்ற பெயரில் தனி வரியாகத் தெரிய வேண்டும் என்ற உத்தரவை முதலில் போடுங்கள். அதற்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை. எந்த எரிபொருள் விலைக்கு எவ்வளவு கட்டணம் என்ற அட்டவணை அடுத்த மாத விலை மாற்றத்தோடு வரட்டும்.

இப்படிக்கு,
டிக்கெட் முன்பதிவுத் தொழிலில் இருப்போரும், அடிக்கடி பறக்கும் பயணிகளும்