பெயருள்ள துரியான் மரங்கள்

கோலகுபு பாரு,
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது, அதைப் பற்றிக் கேட்காதே.

போன வாரம் பேசிக்கொண்டிருக்கும்போதே போன் கட்டாகிவிட்டதே, அது லைன் கோளாறு இல்லை. நான்தான் வைத்தேன். உங்கள் கம்பெனி எடுத்திருக்கும் அணைக்கட்டு வேலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தாய். மேலே நாலு கிராமத்து ஜனங்கள் நகர மாட்டேன் என்கிறார்கள் என்றாய். அப்புறம், "கல்வீடு, பைப் தண்ணி, கரண்டு எல்லாம் குடுக்கிறோம், இதுக்கு மேல என்னம்மா வேணும் அவங்களுக்கு?" என்று கேட்டாய்.

உன் மேல் கோபம் இல்லை. இதே பேச்சை ஒரு காலத்தில் நானே மலாய் மொழியில் பேசியிருக்கிறேன், அதுவும் ஒரு மூங்கில் வீட்டுத் தரையில் உட்கார்ந்து, அவர்கள் கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டு. போனில் சொல்லியிருந்தால் அழுதிருப்பேன். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் பிறந்தது கெர்லிங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் என்பது உனக்குத் தெரியும். மாதத்துக்கு ஓரிரு தடவை காட்டுப் பக்கமிருந்து சிலர் பெத்தாய்க் காயும் ரோத்தான் பிரம்பும் தூக்கிக்கொண்டு எங்கள் லயத்து வீடுகளுக்கு வருவார்கள். "சக்காய் வந்துட்டான்" என்று பிள்ளைகள் எல்லாம் ஓடுவோம். நானும் ஓடியிருக்கிறேன். சோறு சாப்பிடவில்லை என்றால் சக்காய் பிடித்துக்கொண்டு போய்விடுவான் என்று உன் பாட்டி பயமுறுத்துவாள். அடிமை என்று அர்த்தம் தொனிக்கிற வசைச்சொல் அது என்பது யாருக்கும் தெரியவில்லை. நம்மைக் கூலி என்றும் கிளிங் என்றும் சொன்னால் நமக்கு எரியும். அந்த எரிச்சலோடுதான் இன்னொருவரை சக்காய் என்றோம். உன் வாயிலும் அந்தச் சொல்லைச் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். கண்டித்ததாக ஞாபகம் இல்லை.

அவர்கள் தெமுவான்கள். மலேசியத் தீபகற்பத்தின் பூர்வகுடிகளான ஓராங் அஸ்லி மக்களைப் பதினெட்டு இனங்களாகப் பிரித்துச் சொல்வார்கள், அதில் இவர்கள் ஓர் இனம். சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங், மலாக்கா என்று பரவி இருக்கிறார்கள். பேச்சு மலாய்க்கு ரொம்ப நெருக்கம், அதனால்தான் எனக்குச் சீக்கிரம் பழகியது. ஆனால் மலாய்க்காரர்கள் இல்லை. ஊர்த் தலைவர் பாத்தின். அவருக்குக் கீழே ஜெனாங், ஜுக்ரா என்று ஆட்கள் உண்டு. வழக்கு, கல்யாணம், அபராதம் எல்லாம் அவர்களுடைய ஆடாட் என்கிற மரபு முறைப்படிதான். நம் தோட்டத்துப் பஞ்சாயத்தைவிட அங்கே சத்தம் குறைவு என்பது நான் பார்த்தது.

நான் மிஸ்ஸியாகி, அதாவது நர்ஸாகி, கிளினிக் வண்டியில் கேப் மலைச் சாலை வழியாகப் பெர்தாக், கெராச்சி கம்போங்குகளுக்குப் போக ஆரம்பித்தபோது, மருந்துப் பெட்டியோடு நிறைய ஆணவத்தையும் தூக்கிக்கொண்டுதான் போனேன். முதல் மாதமே ஒரு குழந்தைக்குக் காய்ச்சல். மாத்திரை கொடுத்து, துணியை நனைத்துத் துடைக்கச் சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் போனால், ராத்திரி அந்த வீட்டில் செவாங் என்கிற பாட்டுச் சடங்கு நடந்தது என்கிறார்கள். எனக்கு வந்த கோபம்! "நான் எதுக்கு வந்தேன், பாட்டுப் பாடினால் காய்ச்சல் போகுமா?" என்று கத்தினேன். குழந்தையின் பாட்டி என்னைப் பார்த்துச் சிரித்தாள். மாத்திரையையும் நேரத்துக்குக் கொடுத்திருக்கிறாள். "உன் மருந்து உடம்புக்கு. உயிர் பயந்து எங்கேயோ போயிருந்தால் அதை யார் கூப்பிடுவது?" என்றாள்.

அந்தப் பாட்டியை நேனேக் என்றே கடைசிவரை கூப்பிட்டேன், மலாயில் பாட்டி என்று அர்த்தம். பிறகு ஒரு நாள் அவளே என்னைச் செவாங்குக்கு உட்காரவைத்தாள். விளக்கை அணைத்துவிட்டார்கள். தென்னங்கீற்று மாதிரி இளசான ஓலையைக் கிழித்துப் பின்னிய தோரணங்கள் தலைக்கு மேலே தொங்கின. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, ஆளுக்கு இரண்டு மூங்கில் குழாய்களைப் பிடித்து ஒரு நீளமான கட்டையின் மேல் மாற்றி மாற்றிக் குத்தினார்கள். நீளமானது ஆழமாக 'தோங்' என்னும், குட்டையானது 'திங்' என்னும். இதற்குமேல் ஒரு தாளமும் இல்லை. ஆனால் பத்து நிமிடத்தில் என் நெஞ்சு அதே கணக்கில் அடிக்க ஆரம்பித்துவிட்டது. சடங்கை நடத்தும் பூசாரியான போயாங் இருட்டில் பாடினார், பெண்கள் அடியைத் திருப்பிப் பாடினார்கள். நம்மூர் உடுக்கைப் பாட்டு கேட்டு வளர்ந்த எனக்கு அது அந்நியமாகவே இல்லை. பெர்தாக்கைச் சேர்ந்த மினா ஆங்கோங்கை எல்லோரும் மாக் மினா என்பார்கள். அவர் இந்தப் பாட்டுகளை நகரத்து இசைக்காரர்களோடு சேர்ந்து மேடையேற்றினார். ஆக்கார் உம்பி என்று குழுவுக்குப் பெயர். 1999இல் இறந்துபோனார், அணை கட்டிப் பள்ளத்தாக்கில் தண்ணீர் ஏறுவதற்கு முன்னாலேயே.

உனக்கு ஏழு வயதிருக்கும்போது நடந்தது ஞாபகம் இருக்கிறதா? பள்ளி லீவு என்று வண்டியில் கூட்டிப் போனேன். நேனேக் வீட்டு வாசலில் ஒரு குட்டிக் குரங்கைக் கட்டி வளர்த்தார்கள். நீ உன் கைக்குட்டையை அதன் தலையில் முக்காடு மாதிரி கட்டிவிட்டு, "பாட்டி மாதிரி இருக்கு" என்று கைதட்டிச் சிரித்தாய். ஊரே அமைதியாகிவிட்டது. நேனேக் வேகமாக வந்து, உன்னை ஒன்றும் சொல்லாமல் அந்தத் துணியை அவிழ்த்துவிட்டுக் குரங்கின் தலையைத் தடவிக்கொடுத்தாள். "மிருகத்தைப் பார்த்துக் கேலியாகச் சிரிக்கக் கூடாது. செலாவ் வரும்" என்றாள். செலாவ் என்றால் குற்றமும் அதுதான், அதற்கு வருகிற தண்டனையும் அதுதான். இடி, புயல், வெள்ளம். அன்று சாயங்காலம் கேப் மலையில் மழை பிடித்துக்கொண்டது. நீ என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "நான் சிரிச்சதாலயாம்மா?" என்று அழுதாய். "அதெல்லாம் மூடநம்பிக்கைடா, இங்கே தினமும் மழைதான்" என்று சொன்னேன். இங்கே தினமும் மழைதான், அது உண்மை. ஆனாலும் அன்று வேறு மாதிரி பதில் சொல்லியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

அடுத்த தடவை போனபோது நேனேக் எனக்கு அந்தக் கதையைச் சொன்னாள். முன்னோர்கள் செலாவ் குற்றம் செய்துவிட்டார்கள். பெருவெள்ளம் வந்து எல்லோரையும் கொண்டுபோய்விட்டது. மாமாக், இனாக் புங்சுக் என்ற இரண்டு பேர் மட்டும் குனோங் ராஜா மலையில் ஓர் அகில் மரத்தின் மேல் ஏறித் தப்பித்தார்கள். தெமுவான்கள் எல்லாம் அவர்கள் வழி வந்தவர்கள். குனோங் ராஜா எங்கேயோ புராணத்தில் இருக்கிற மலை இல்லை, பகாங் எல்லையில் இருக்கிறது. நேனேக் தாடையால் காட்டினாள், அந்தத் திசை என்று.

இதோடு இன்னொரு கதையையும் சேர்த்துக்கொள். பழைய கோலகுபு ஊருக்கு மேலே ஓர் அணை இருந்தது. 1883இல் அது உடைந்து ஊரையே வாரிக்கொண்டு போனது. வெள்ளைக்கார அதிகாரி ரான்கிங்கும் அதில் செத்தார். அணையைக் காத்துவந்த வெள்ளை முதலையை அவர் சுட்டதால்தான் உடைந்தது என்பது ஊர்ப்பேச்சு. முதலைக் கதையை நீ நம்ப வேண்டாம். ஆனால் அந்த இடத்துக்கு இன்றும் அம்பாங் பெச்சா, உடைந்த அணை என்றுதான் பெயர். எத்தனை தடவை அதைத் தாண்டி டியூஷனுக்கு சைக்கிளில் போயிருக்கிறாய்!

இப்போது யோசித்துப் பார். தண்ணீர் வந்து எல்லாம் மூழ்கியது என்பதுதான் அவர்களுடைய ஆதிக்கதை. அவர்களிடம் போய், பள்ளத்தாக்கில் தண்ணீர் ஏற்றப் போகிறோம், கொஞ்சம் நகருங்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது. சொல்லப் போனவர்களில் நானும் ஒருத்தி.

1998இல் கிள்ளான் பள்ளத்தாக்கில் தண்ணீர்ப் பஞ்சம் வந்ததே, உன் அக்கா ஷா ஆலமில் வாளியோடு லாரிக்குக் காத்திருந்தாள். அணை வேண்டும் என்று நானும் நம்பினேன். இன்றைக்கும் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், அக்கா வீட்டுக் குழாயில் வருவதைத்தானே நானும் குடிக்கிறேன். சிலாங்கூர் ஆற்றில் அணை என்று முடிவானதும் ஓர் அதிகாரி என்னைக் கூப்பிட்டு, "மிஸ்ஸி, நீங்கள் சொன்னால் கேட்பார்கள், நல்லதை எடுத்துச் சொல்லுங்கள்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. போய்ச் சொன்னேன். கல்வீடு, பைப் தண்ணி, கரண்டு, கிளினிக் பக்கத்தில்.

நேனேக் கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்புறம், "வா" என்று எழுந்து தோப்புக்குக் கூட்டிப் போனாள்.

நாம் துரியான் தோட்டம் என்றால் வரிசையாக நட்ட மரங்களை நினைப்போம். டூசுன் என்கிற அவர்களுடைய பழத்தோப்பு அப்படி இல்லை, பார்த்தால் காடு மாதிரித்தான் இருக்கும். துரியான், பெத்தாய், ரம்புத்தான், லங்சாட் எல்லாம் காட்டு மரங்களோடு கலந்து நிற்கும். சர்வே செய்ய வருகிறவன் கண்ணுக்கு வெறும் புதர். அவள் கண்ணுக்கு அது குடும்பப் பதிவேடு. ஒவ்வொரு மரத்துக்கும் பெயர் உண்டு. ஒரு மரத்தை, "இது என் தாத்தா நட்டது, பெரிய அண்ணன் பிறந்த வருஷம்" என்றாள். இன்னொன்று ஒரு கல்யாணத்தில் பங்கு வந்தது. வேறொன்றின் கீழே ஒரு குழந்தையைப் புதைத்திருக்கிறார்கள், அதன் பழத்தை விற்க மாட்டார்கள். தொட்டுத் தொட்டுச் சொல்லிக்கொண்டே போனாள். பழத்தை அவர்கள் பறிக்க மாட்டார்கள், தானாக விழ வேண்டும். பருவத்தில் மரத்தடியில் குடிசை போட்டுக் குடும்பமே ராத்திரி காத்திருக்கும். இருட்டில் 'தொப்' என்று விழும் சத்தத்தை வைத்து எந்த மரம் என்று சொல்லிவிடுவாள்.

கடைசியில் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "புது வீட்டுக்கு இதில் எதைத் தூக்கிக்கொண்டு போகலாம், மிஸ்ஸி?"

என்னிடம் பதில் இல்லை. "மரத்துக்குக் காசு தருவார்கள்" என்றேன்.

தருவார்கள்தான். 1954ஆம் ஆண்டு ஓராங் அஸ்லி சட்டத்தில் பழமரத்துக்கும் ரப்பர் மரத்துக்கும் நஷ்டஈடு உண்டு. நிலத்துக்குத்தான் இல்லை. அரசாங்கம் விரும்பும்வரை குடியிருப்பவர்கள், அவ்வளவே. இது சரியில்லை என்று டிங்கில் பக்கம் புக்கிட் தம்போய் தெமுவான்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். விமான நிலையத்துக்குப் போகும் நெடுஞ்சாலைக்காக 1995இல் அவர்களுடைய 38 ஏக்கரை எடுத்திருந்தார்கள். சாகோங் தாசி வழக்கு என்பார்கள். 2002இல் ஷா ஆலம் உயர் நீதிமன்றம், அந்த நிலமே அவர்களுடையது, நிலத்துக்கும் ஈடு கொடு என்றது. 2005இல் மேல்முறையீட்டிலும் அது நின்றது, தீர்ப்பை எழுதியவர் கோபால் ஸ்ரீராம். உங்கள் கம்பெனி வக்கீல்களுக்கு இந்த வழக்கு தெரிந்திருக்கும். நீயும் படித்துப் பார், நீளம்தான், ஆனால் புரியும்.

கெராச்சி ஊர் இடம் மாறியது, பெர்தாக்கும் புது வீடுகளுக்கு வந்தது. ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறேன், எல்லாமே கெட்டதாக முடியவில்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக வசதியானது, பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி பக்கமானது. மிஸ்ஸியாக எனக்கு அது சின்ன விஷயம் இல்லை. இப்போது அந்தப் பையன்களிடம் மோட்டார் சைக்கிளும் கைப்பேசியும் இருக்கின்றன, செம்பனைத் தோட்டத்திலும் பாக்டரியிலும் வேலை செய்கிறார்கள், பெத்தாய் பருவம் வந்தால் லீவு போட்டுவிட்டு மரம் ஏறுகிறார்கள். ஊதுகுழாயோடு நிற்கிற படத்தை மட்டும் பார்த்துவிட்டுத் தெமுவான் என்றால் அதுதான் என்று என் பேத்திக்குச் சொல்லிக்கொடுக்காதே. (ஊதுகுழாய் உண்டு. அம்பு முனையில் தடவுகிற விஷம் ஈப்போ மரத்துப் பால். ஈப்போ நகரத்துக்குப் பெயர் வந்ததே அந்த மரத்தால்தான், அதை வேண்டுமானால் சொல்.)

நேனேக் புது வீட்டில் ரொம்ப நாள் இருக்கவில்லை. வயது, வேறொன்றும் இல்லை. கடைசியாகப் பார்க்கப் போனபோது சிமெண்ட் தரையில் பாய் போட்டு உட்கார்ந்திருந்தாள். "ராத்திரி சத்தமே இல்லை" என்றாள். லாரிச் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அவள் எந்தச் சத்தத்தைச் சொன்னாள் என்று எனக்குத் தெரியும்.

தம்பி, வேலையை விட்டுவிடு என்று சொல்வதற்காக எழுதவில்லை. வீட்டுக்கடன் இருக்கிறது, எனக்குத் தெரியாதா. அடுத்த தடவை அந்த ஊர்களுக்குப் போகும்போது, அணைத் திட்டப் படத்தை விரிப்பதற்கு முன்னால், யாராவது ஒரு கிழவியிடம் தோப்பைச் சுற்றிக் காட்டச் சொல். அரை நாள் ஆகும். ரிப்போர்ட்டில் அதை எந்தக் கட்டத்தில் எழுதுவாய் என்பது உன் பாடு.

கொல்லையில் நிற்கும் துரியானை யார் கொடுத்தது என்று நீ எப்போதும் கேட்டதில்லை. அன்று தோப்பிலிருந்து திரும்பும்போது நேனேக் என் பையில் போட்டுவிட்ட பழத்தின் கொட்டை அது. அவள் சொன்ன பெயரையே வைத்திருக்கிறேன், தெம்பாகா. சதை செம்பு நிறம், கடைசியில் லேசாகக் கசக்கும். இந்த வருஷம் நன்றாகப் பூத்திருந்தது. ஜூலையில் பேத்தியோடு வந்தால் சரியாக இருக்கும். டிக்கெட் எடுத்ததும் சொல், மரத்தடியில் போட ஒரு கயிற்றுக் கட்டில் வாங்கி வைக்கிறேன்.

அன்புடன்,
அம்மா