தொடக்கப் பள்ளியில் குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் குடிநீருக்குத் தனித் தொட்டி, தனிக் குழாய் கோரும் மனு

அனுப்புநர்
தலைவர் மற்றும் உறுப்பினர்கள்,
பள்ளி மேலாண்மைக் குழு,
ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி,
தருமபுரி மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
தருமபுரி.

பொருள்: பள்ளித் தொட்டியில் ஒகேனக்கல் குடிநீருடன் ஆழ்துளைக் கிணற்று நீர் கலப்பதைத் தடுக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். எங்கள் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை 60 பிள்ளைகள் படிக்கிறார்கள். காலை உணவும் சத்துணவும் தடையின்றி நடக்கின்றன. குடற்புழு நீக்க மாத்திரையும் வாராந்திர இரும்புச்சத்து மாத்திரையும் ஒழுங்காகக் கொடுக்கப்படுகின்றன. இவற்றில் குறை சொல்ல எதுவும் இல்லை. இந்த மனு தண்ணீரைப் பற்றியது மட்டுமே.

பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடு நம் மாவட்டத்து நிலத்தடி நீரில் அதிகம் என்பது தாங்கள் அறிந்ததே. அதற்குத் தீர்வாகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் செயல்பாட்டுக்கு வந்தது. காவிரித் தண்ணீர் பள்ளி வாசல் வரை வருகிறது. ஆனால் உள்ளே நுழைந்ததும் அதன் பயன் பாதி போய்விடுகிறது. பள்ளிக் கூரையில் இருப்பது ஒரே ஒரு சின்டெக்ஸ் தொட்டி. ஒகேனக்கல் தண்ணீர் வரும் நாளில் அதுவும், வராத நாளில் மோட்டார் போட்டு எடுக்கும் ஆழ்துளைக் கிணற்று நீரும் (போர் தண்ணீர்) அதே தொட்டியில்தான் ஏறுகின்றன. கழிப்பறை, கை கழுவும் இடம், குடிக்கும் குழாய், சமையலறை எல்லாவற்றுக்கும் தண்ணீர் இறங்குவதும் அதிலிருந்துதான்.

நல்ல தண்ணீரோடு கலந்தால் ஃபுளோரைடின் வீரியம் குறைந்துவிடும்தானே என்று கேட்பவர்கள் உண்டு. குறையும், ஆனால் போதுமான அளவுக்குக் குறையாது. லிட்டருக்கு 3 மில்லிகிராம் ஃபுளோரைடு உள்ள போர் தண்ணீரும் 0.4 மில்லிகிராம் உள்ள ஆற்று நீரும் சரிபாதியாகக் கலந்தால் 1.7 மில்லிகிராம் வரும். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500 ஏற்கும் அளவு 1.0 மில்லிகிராம், வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் மட்டும் 1.5 வரை. ஃபுளோரைடுக்கு நிறமோ மணமோ கிடையாது. கொதிக்க வைத்தால் தண்ணீர் ஆவியாகி அதன் செறிவு கூடும். பிளீச்சிங் பவுடர் கிருமியைக் கொல்லுமே தவிர ஃபுளோரைடை ஒன்றும் செய்யாது. சமையலுக்கும் இது பொருந்தும்: அரிசி இழுத்துக்கொள்ளும் தண்ணீரும் சாம்பாரில் சுண்டும் தண்ணீரும் தம் ஃபுளோரைடைத் தட்டிலேயே விட்டுச் செல்கின்றன. அதனால் குடிக்கும் குழாயை மட்டும் மாற்றினால் வேலை பாதியில் நிற்கும்.

தொடக்கப் பள்ளியை முதலில் கவனிக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நிரந்தரப் பற்களின் எனாமல் ஈறுக்குள் உருவாவது ஏறக்குறைய எட்டு வயது வரை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு முன்பல் முளைக்கும்போதே, கோரைப்பல்லும் பின்னால் வரவேண்டிய கடைவாய்ப் பல்லும் உள்ளே உருவாகிக்கொண்டிருக்கும். இந்த வயதில் உள்ளே போகும் ஃபுளோரைடு முதலில் பல்லில் குறுக்கே சுண்ணாம்புக் கோடுகளாகத் தெரியும். நாளடைவில் அவை மஞ்சளாகி, பழுப்பாகும். இடப்பக்கப் பல்லில் உள்ள கோடு வலப்பக்க இணைப் பல்லிலும் ஏறக்குறைய அதே உயரத்தில் இருக்கும். அழுக்கென்றால் தேய்த்தால் போகும், இது போகாது. பல் விளக்கவில்லை என்று அந்தப் பிள்ளையைத் திட்டிப் பயனில்லை. ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் எலும்பும் மூட்டும் பாதிக்கப்படும்.

எனவே பழைய தொட்டியைப் போர் தண்ணீருக்கே விட்டுவிட்டு, ஒகேனக்கல் இணைப்பை அதிலிருந்து துண்டித்து, புதிய 1,000 லிட்டர் தொட்டி ஒன்றுக்குக் கொண்டுசெல்ல வேண்டுகிறோம். பிள்ளைக்கு ஒன்றரை லிட்டர் என்றால் குடிக்க 90 லிட்டர்; இருவேளைச் சமையலுக்கும் அரிசி, பருப்பு, காய் கழுவவும் சுமார் 150 லிட்டர். நாளுக்கு 240 லிட்டர் வீதம் நான்கு நாள் தாங்கும். 500 லிட்டர் தொட்டி வைத்தால் மூன்றாம் நாள் தண்ணீர் வராதபோது பழையபடி மோட்டாரைத்தான் போடுவார்கள். சிக்கனம் பார்த்தால் இங்கேதான் கெடும். இரண்டு குழாய்களையும் வால்வு வைத்து இணைக்கவும் வேண்டாம். வால்வு இருந்தால் அவசரத்துக்கு யாராவது திறந்துவிடுவார்கள். புதிய தொட்டியில், நிறைந்ததும் தானே மூடிக்கொள்ளும் மிதவை வால்வு, பூட்டும் மூடி, அடியில் கழுவி வெளியேற்ற ஒரு வால்வு இருந்தால் போதும்.

விளையாடி முடித்த பிள்ளை தேடிப்போவது கிட்டத்தில் இருக்கும் குழாயைத்தான். உள்ளங்கையைக் குவித்துக் குடித்துவிட்டு ஓடிவிடும். ஆகவே குடிநீர்க் குழாய்கள் விளையாட்டுத் திடல் பக்கமும், சிறு பிள்ளைகளுக்கு எட்டும்படி இரண்டடி உயரத்திலும் இருக்க வேண்டும். போர் தண்ணீர்க் குழாய்கள் கழிப்பறைப் பக்கம் மட்டும் இருந்து, அவற்றுக்குச் சிவப்பு வண்ணம் பூசப்பட வேண்டும். கை கழுவவும் கழிப்பறைக்கும் அந்தத் தண்ணீரால் தீங்கில்லை.

சவ்வு வழியே தண்ணீரை வடிகட்டும் ஆர்.ஓ. இயந்திரம் நாங்கள் கேட்கவில்லை. உள்ளே போகும் தண்ணீரில் பெரும்பகுதியைக் கழிவாகத் தள்ளும். சவ்வு மாற்றப் பணமில்லாத ஆண்டில் மூலையில் நிற்கும். சமையலறையின் தேவைக்கும் ஈடுகொடுக்காது. நல்ல தண்ணீர் வாசலில் வரும்போது அது வீண் செலவு.

ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டிகள் மாதம் 5, 20 தேதிகளில் கழுவப்படுகின்றன. அந்தப் பட்டியலில் பள்ளித் தொட்டியையும் சேர்த்து, கழுவிய தேதியைத் தொட்டியிலேயே எழுத உத்தரவிட வேண்டுகிறோம். தேங்கிய தண்ணீரில், கிருமியைக் கொல்ல எஞ்சியிருக்கும் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் கீழே போனால், 1,000 லிட்டருக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் 2.5 கிராம் போதும். அதை வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் தெளிவை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் விட வேண்டும். பொடியை நேராகக் கொட்டுவதால்தான் தொட்டியடியில் சேறு சேர்கிறது. வாய் திறந்து கிடந்த மூட்டையில் குளோரின் பறந்துபோயிருக்கும். அளவு சரியாகப் போட்டும் பலன் இராது.

தண்ணீர்ப் பரிசோதனையில் ஒரு திருத்தம் தேவை. ஆற்று நீர் வந்த நாளில் மாதிரி எடுத்தால் முடிவு நன்றாகத்தான் வரும். காலாண்டுக்கு ஒருமுறை, ஒகேனக்கல் தண்ணீர் வராத நாளில், சமையலறைக் குழாயிலிருந்தே ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் மாதிரி எடுத்து, குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்துக்கு அனுப்பி, முடிவைப் பள்ளிப் பலகையில் ஒட்ட ஆணையிடுங்கள். பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழு, பல்லைப் பார்க்கும்போது சொத்தையோடு ஃபுளோரைடு கறையையும் வகுப்புவாரியாகக் குறித்துக்கொண்டால், அடுத்த ஆண்டுகளில் ஒப்பிட உதவும்.

ஒருங்கிணைந்த பள்ளி மானியம் சோப்புக்கும் துடைப்பத்துக்கும் போதும். குழாய்ப் பணிக்குப் போதாது. நிதிக்குழு மானியத்தில் குடிநீருக்கென உள்ள பங்கிலிருந்து இப்பணியைச் செய்ய ஊரக வளர்ச்சித் துறைக்கு உத்தரவிட்டு, கோடை விடுமுறைக்குள் முடித்துத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைவர் மற்றும் உறுப்பினர்கள்,
பள்ளி மேலாண்மைக் குழு.

இணைப்பு: குழாய்ப் பாதை வரைபடம், பெற்றோர் கையொப்பங்கள்.
நகல்: வட்டார வளர்ச்சி அலுவலர், வட்டாரக் கல்வி அலுவலர்.