ஓரத்தில் எழுதிய கேள்வி

அன்புள்ள மாப்ளே,

தங்கச்சியிடம் போனில் பேசினேன். கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று கேட்ட பிறகுதான் நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் போடு. இந்தக் கடிதத்தையும் நீ படிக்க வேண்டாம், தங்கச்சியைப் படித்துக் காட்டச் சொல்.

மதுரையில் ஒரு கல்லூரியில் இதழியல் வகுப்பு எடுக்கிறேன் என்று சொல்லியிருந்தேன் அல்லவா? இந்தப் பருவத்தில் எட்டுப் பக்கப் பயிற்சி இதழ் ஒன்று கொண்டுவருகிறோம். மொத்தம் 18 பேர். ஆளுக்கொரு கட்டுரை. ஒருவர் எழுதியதை இன்னொருவர் எடிட் செய்ய வேண்டும், கடைசியில்தான் நான் பார்ப்பேன்.

முதல் சுற்றில் எல்லாத் தாளும் "நல்லா இருக்கு", "சூப்பர்" என்றே திரும்பி வந்தன. மூன்று பேர் ஒற்றுப் பிழை திருத்தியிருந்தார்கள், அவ்வளவுதான். எனக்குக் கோபம் வரவில்லை. கூடப் படிக்கிற பிள்ளையின் எழுத்தில் கை வைத்தால் சிநேகம் கெட்டுவிடும் என்ற பயம் அது. பேப்பர் ஆபீஸில் செய்தி எடிட் செய்கிற டெஸ்க்கில் நீ என் முதல் பத்தியை அடித்த அன்று நானும் உன்னோடு பேசாமல்தானே இருந்தேன்?

அப்புறம் ஏற்பாட்டை மாற்றினேன். ஒரு சொல்லைக்கூட அடிக்கக் கூடாது. படிக்கும்போது எது விளங்கவில்லையோ அதைப் பென்சிலால் ஓரத்தில் கேள்வியாக எழுத வேண்டும், ஐந்துக்குக் குறையாமல்.

ஒரு மாணவி மல்லிகையைப் பற்றி எழுதியிருந்தாள். "மல்லி விலை சரிவு, விவசாயிகள் கண்ணீர்" என்று தலைப்பு. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் கமிஷன் கடையில் விலை கேட்டிருந்தாள், மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்ததைச் சேர்த்திருந்தாள். சுத்தமான நடை. எடிட் செய்யக் கிடைத்தவன் உசிலம்பட்டிப் பக்கத்துப் பையன். வகுப்பில் வாயே திறக்க மாட்டான். அவன் அம்மா பூப்பறிக்கப் போகிறவர் என்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது.

அவன் எழுதிய கேள்விகளில் சில: "கண்ணீர் விட்டவர் யார்? பேர் இல்லையே." "பறிக்கிறவங்களுக்குக் கூலி யார் தர்றது?" "விலை இல்லாத அன்னைக்குப் பறிப்பாங்களா, செடியிலேயே விட்டுருவாங்களா?" "மலர்ந்த பூவைப் பறித்து" என்று அவள் எழுதியிருந்த வரிக்கு நேரே, "மலர்ந்ததையா பறிப்பாங்க? மொட்டாத்தானே?"

அந்தப் பெண்ணுக்கு முகம் வாடிவிட்டது. இரண்டு நாள் அவன் பக்கம் திரும்பவில்லை. சனிக்கிழமை இன்னொரு மாணவியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அவன் ஊருக்கே போய் இரவு தங்கி, விடியுமுன் அவன் அம்மாவோடு தோட்டத்தில் இறங்கி மொட்டுக் கிள்ளியிருக்கிறாள். திங்கட்கிழமை கொண்டுவந்த பிரதியின் தொடக்கம் இது: "விலை இறங்கிய அன்று அந்தத் தோட்டத்தில் பாதி மொட்டு செடியிலேயே நின்றது. பறித்தால் கூலிக்குக் கட்டாது." கண்ணீர் என்ற சொல்லே கட்டுரையில் இல்லை. பனிக்காலத்தில் பூ குறைந்து விலை ஏறுவதையும், வெயில் காலத்தில் பூ கொட்டி விலை விழுவதையும் அந்த அம்மாவின் வாயாலேயே சொல்லவைத்திருக்கிறாள்.

அந்தப் பையன் ஒற்று எங்கே மிகும் என்பதில் இன்னும் தடுமாறுகிறான். ஆனால் அந்தப் பக்கத்தை அவனளவுக்கு என்னால் எடிட் செய்திருக்க முடியாது மாப்ளே. "மலர்ந்த பூ" என்பதைப் படித்துவிட்டுக் கடந்து போயிருப்பேன். எத்தனை வருஷம் டெஸ்க்கில் உட்கார்ந்தவன் நான்!

வகுப்பில் நம் பழைய கதையையும் சொன்னேன். விபத்துச் செய்தியில் இறந்தவர் பெயருக்குப் பதில் உயிரோடு இருக்கிற அண்ணன் பெயர் போய்விட்டதே, நீ லீவில் இருந்த அன்று. மறுநாள் காலையில் அந்த அண்ணன் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் வாசலில் நின்றார். நீ இருந்திருந்தால், "இந்தப் பேரை யாருகிட்டக் கேட்ட?" என்று கேட்டிருப்பாய். அந்த ஒரு கேள்வி இல்லாமல் போனது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது. பிள்ளைகள் சத்தமே இல்லாமல் கேட்டார்கள்.

போன வாரம் வடக்கு வெளி வீதி வழியாக அவர்களை அழைத்துப்போனபோது சேதுபதி பள்ளியைக் காட்டினேன். 1904இல் பாரதி சில மாதம் அங்கே தமிழாசிரியராக இருந்து, அதே ஆண்டு சுதேசமித்திரன் நாளிதழில் உதவியாசிரியராகச் சேர்ந்தார் என்றேன். பாரதியும் நம்மைப் போல டெஸ்க் வேலை பார்த்தவர்தானா என்று ஒருத்தி கேட்டாள். அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்!

மல்லிகைக் கட்டுரையின் இரண்டு பிரதிகளையும் இதோடு வைத்திருக்கிறேன். ஓரத்துப் பென்சில் எழுத்தை மட்டும் கண் தெளிந்த பிறகு நீயே பார். அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை புரூஃப் பார்க்கிறோம். டாக்டர் பயணம் போகலாம் என்று சொன்னால் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வந்துவிடு. அம்மாவும் உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

அன்புடன்,
உன் பழைய டெஸ்க் கூட்டாளி