வெண்கலச் சிலையை எடை பார்த்து வாங்க வேண்டாம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் பள்ளிக்கோ மருத்துவமனைக்கோ கொடை கொடுத்த பெரியவருக்கு ஆளுயரச் சிலை வைக்க வருவோர், பட்டறையில் முதலில் கேட்பது "எத்தனை கிலோ வரும்?" என்றுதான். சீர்ப் பாத்திரத்தைக் கையில் தூக்கிப் பார்த்தே வாங்கிப் பழகிய ஊர், கேட்கத்தான் செய்வார்கள். ஆனால் ஆளுயரச் சிலைக்குக் கனம் கூடினால் கெடுதல்தான்.

மனித உடலின் கொள்ளளவு சுமார் 70 லிட்டர். அதைக் கட்டியாக வார்த்தால் 600 கிலோவைத் தாண்டும். உள்ளே மண்கரு வைத்து 6 மில்லிமீட்டர் தடிப்பில் கூடாக வார்த்தால், வேட்டி மடிப்பு, துண்டு எல்லாம் சேர்த்து 120 கிலோ போதும். பணம் ஒருபுறம் இருக்கட்டும். கட்டி வார்ப்பில் விரலும் மணிக்கட்டும் சட்டென்று உறைந்துவிடும், மார்பு கடைசியில்தான் உறையும். உறையும்போது உலோகம் சுருங்கும். அந்த இடத்தை நிரப்ப உருகிய உலோகம் வந்து சேராவிட்டால் மார்பில் குழி விழும், கழுத்தில் கீறல் ஓடும். உற்சவத் திருமேனிகளைக் கட்டியாக வார்ப்பது மரபு. சிறிய உருவம் என்பதால் அங்கே அது சரிப்படும்.

கூடு வார்ப்பிலும் தப்பு நடக்கும். மெழுகில் உருவம் செய்து, உள்ளே மண்கருவும் வெளியே மண்ணும் வைத்துச் சூடாக்குவோம்; மெழுகு உருகி வடிந்த இடத்தில்தான் உலோகம் ஊற்றுவது. மெழுகு வடிந்ததும் மண்கரு அந்தரத்தில் நிற்கும். முன்பே மெழுகைத் துளைத்து ஆணி அடித்து வெளிமண்ணோடு பிணைக்காவிட்டால் கரு சாய்ந்து, முதுகு இரட்டைத் தடிப்பாகவும் நெஞ்சு ஓட்டையாகவும் வரும். அச்சில் ஈரம் மிச்சமிருந்தால் இன்னும் மோசம். 1,100 டிகிரியில் ஊற்றும் உலோகம் பட்டதும் வெடிக்கலாம். வெடிக்காவிட்டாலும் முகமெல்லாம் ஊசித்துளை. திறப்பு விழாத் தேதியைக் குறித்துவிட்டு நெருக்கினால் இதுதான் கிடைக்கும்.

முகச்சாயலைக் குடும்பத்தார் மெழுகிலேயே பார்த்துச் சொல்லிவிட வேண்டும். இமையோரத்தையும் உதட்டுக் கோட்டையும் மெழுகில் சூடான கரண்டியால் ஐந்து நிமிடத்தில் மாற்றலாம். வார்த்தபின் அரம் போட்டால் சாயலே போய்விடும். அன்றைக்கே, மண்கருவும் உலோகம் ஊற்றும் குழாய்களும் வைப்பதற்கு முன், மெழுகை எடைபோட்டும் பாருங்கள். உலோகம் அதைப்போல ஒன்பது மடங்கு வரும்: 13 கிலோ மெழுகுக்கு 120 கிலோ. பில்லில் 200 என்று இருந்தால் காரணம் கேட்கலாம்.

ஒப்பந்தத்தில் கலவையை எழுதி வாங்குங்கள். செம்பு 85, வெள்ளீயம், துத்தநாகம், ஈயம் தலா 5 பங்கு என்பது வெளியில் நிற்கும் சிலைக்கு நன்றாக ஒத்துவரும். மண்கருவை முழுதாக அகற்றி, பாதத்தில் நீர் வடியத் துளை விட வேண்டும். பீடத்தில் இறக்கும் கம்பி துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். சாதா இரும்பு வெண்கலத்தை ஒட்டி மழையில் நனைந்தால் சீக்கிரமே துருவேறி, உப்பி, கணுக்காலைப் பிளந்துவிடும்.

தங்கப் பெயின்ட் கேட்காதீர்கள், துளையை அடைத்த பசை தெரியாமலிருக்கத்தான் அது உதவும். ஆண்டுக்கு இருமுறை சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாக உலர்ந்தபின் மெல்லிசாக மெழுகு பூசினால் போதும்.

இப்படிக்கு,
சிலை வார்ப்புத் தொழிலாளர்கள்,
காரைக்குடி