எஃப் ஆஃப் எக்ஸ் என்பது பெருக்கல் இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் கல்விப் பக்கத்தில் வரும் பத்தாம் வகுப்புக் கணித வினா விடைகளை வெட்டி ஒட்டிப் படிக்கிற பிள்ளைகள் எங்கள் தெருவிலேயே நாலைந்து பேர். அதற்கு நன்றி. ஆனால் புத்தகத்தின் முதல் பாடமே 'உறவுகளும் சார்புகளும்'தான், அதில் சார்பு (ஃபங்ஷன், கொடுக்கிற ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரே ஒரு விடை தருகிற விதி) என்றால் என்ன என்பதை ஒரே வரியில் முடித்துவிட்டு நேரே கணக்குக்குப் போய்விடுகிறீர்கள், அதுதான் எனக்கு வருத்தம்.

போன வாரம் கணக்கு கேட்க வந்த பெண், எஃப் ஆஃப் 5, அதாவது f(5), கண்டுபிடிக்க எஃப் ஆஃப் 2, எஃப் ஆஃப் 3 இரண்டையும் கூட்டி வைத்திருந்தாள். ஏன்மா என்று கேட்டால், "அடைப்புக்குறியை விரிச்சா அப்படித்தானே டீச்சர் வரும்?" என்கிறாள். எஃப்பை ஓர் எண் என்று நினைத்து உள்ளே பெருக்கியிருக்கிறாள். திட்ட மனம் வரவில்லை, இத்தனை வருஷம் அடைப்புக்குறியைப் பார்த்தால் பெருக்கு என்று பழக்கியது நாம்தானே. கணித மேதை ஆய்லர் 1734இல் பயன்படுத்திய இந்தக் குறியீட்டில் எஃப் என்பது ஒரு விதியின் பெயர், அடைப்புக்குறிக்குள் இருப்பது அந்த விதிக்குக் கொடுக்கிற எண், அவ்வளவுதான்.

அப்புறம் மாவு மில்லை வைத்துச் சொன்னேன். அரைக்க கிலோவுக்கு 12 ரூபாய், பைக்கு 5 ரூபாய் என்று வைத்துக்கொள். 2 கிலோ கொண்டுபோனால் 29, 3 கிலோவுக்கு 41, கூட்டினால் 70. ஐந்து கிலோவையும் ஒரே பையில் கொண்டுவந்தால் 65தான். "பைக்காசு ரெண்டு தடவை சேர்ந்துடுச்சு!" என்று அவளே சொன்னாள். எத்தனை கிலோ கொண்டுபோகலாம் என்பது மதிப்பகம் (மைனஸ் 2 கிலோ அரிசியை யாரும் தூக்கிக்கொண்டு போக முடியாது), மில்காரர் கேட்கிற தொகைகள் எல்லாம் சேர்ந்தது வீச்சகம். அதே 3 கிலோவுக்கு ஒருவரிடம் 41, இன்னொருவரிடம் 45 என்று வாங்கினால் அது சார்பே இல்லை. ஆனால் வேறு வேறு எண்ணுக்கு ஒரே விடை வந்தால் தப்பில்லை; மில்லை விட்டு, வர்க்கம் எடுக்கிற விதியைப் பார்த்தால் 3, மைனஸ் 3 இரண்டின் வர்க்கமும் 9தானே. இந்த இடத்தில்தான் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளும் குழம்புகிறார்கள்.

வாரம் ஒரு நாளாவது, மதிப்பெண் வினாக்களை நிறுத்திவிட்டு, இப்படி ஒரே ஒரு கருத்தை அரைப் பக்கத்துக்கு விளக்கி எழுதச் சொல்லுங்கள். முதலில் சார்பு, அடுத்த வாரம் சமன்குறி. கணக்கை எழுதும்போது 3+5=8+2=10 என்று (3+5, 8+2க்குச் சமமில்லையே) ஒரே வரியில் இழுத்துக்கொண்டு போகிற பிள்ளைகள் பத்தாம் வகுப்பிலும் இருக்கிறார்கள்.

ஓய்வு பெற்ற கணித ஆசிரியை,
தென்காசி