பழியை உடம்பின் மேல் போடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற புதன்கிழமை அறிவியல் பக்கத்தில், மனித உடம்பைத் திருத்தி அமைத்தால் எப்படி இருக்கும் என்று ஒரு கட்டுரை வந்தது. ‘இடுப்பு வலிக்கும் மூட்டு வலிக்கும் வேறு காரணம் தேட வேண்டாம், உடம்பின் வடிவமைப்பே பழுது’ என்று அதில் ஒரு வரி. படித்ததிலிருந்து மனது ஆறவில்லை.

நான் முக்கூடலில் பிறந்தவள். நான் சிறுபிள்ளையாக இருந்தபோது எங்கள் தெருவில் மடியில் பீடி சுற்றும் சுளகு இல்லாத பெண்ணைப் பார்ப்பது அரிது. அம்மா சமையல் முடித்துக் கால் நீட்டி உட்கார்ந்தால், குனிந்த தலை நிமிராமல் இலை வெட்டி, புகையிலைத் தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, இருட்டும்வரை எழ மாட்டார். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பதுதான் கூலி. எழுந்து நாலு எட்டு நடந்தால் அதுவும் கூலியில் குறையும். ஐம்பது வயதுக்குள் ஒரு குடம் தண்ணீர் தூக்க முடியாமல் போயிற்று. மருத்துவமனையில் “வயசானா வர்றதுதாம்மா” என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். சுற்றிய பீடியை வாங்கிக்கொள்ளும் கடையிலும் அதே பதில். 1966-லேயே பீடித் தொழிலாளருக்கென்று சட்டம் வந்துவிட்டது. ஆனால் எப்படி உட்கார்ந்து வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டு எங்கள் திண்ணைக்கு யாரும் வந்ததில்லை. இப்போது நீங்களும் உடம்பின் மேலேயே பழியைப் போட்டுவிட்டீர்கள். வருத்தமாக இருக்கிறது.

முதுகெலும்பு இடுப்பருகே உள்வளைந்திருப்பதால்தான் உடம்பின் பாரம் இடுப்புக்கு நேர் மேலே நிற்கிறது. நாம் இரண்டு காலில் நடந்து, கைகளை வேலைக்கு விட முடிகிறது. கீழ்முதுகு வலி அதற்குக் கொடுக்கும் விலை. அந்தக் கையை வைத்துத்தான் அம்மா எங்களைப் படிக்கவைத்தார். நாள் முழுக்கக் குனிந்தே இருக்கச் சொல்லி எந்த முதுகும் கேட்கவில்லை.

‘வருங்கால மனிதன்’ என்று கழுத்தே இல்லாத ஒரு உருவத்தின் படம் போட்டிருந்தீர்கள். அது கிரகாம். 2016-இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலச் சாலை விபத்து ஆணையத்துக்காக பட்ரீசியா பிச்சினினி என்ற சிற்பி செய்தது. கார் மோதினாலும் பிழைக்க வேண்டுமென்றால் கழுத்து இருக்கக் கூடாது, நெஞ்சில் காற்றுப் பைகள் வேண்டும், முழங்கால் எல்லாப் பக்கமும் மடங்க வேண்டும் என்று காட்டினார்கள். நம் உடம்பு அப்படி மாறப்போவதில்லை, அதனால் சாலையையும் வண்டியையும்தான் திருத்த வேண்டும் என்பதற்காகவே அந்தப் பொம்மையைச் செய்தார்கள். படத்தை எடுத்த நீங்கள் காரணத்தை ஏன் விட்டீர்கள்? நீங்கள் எடுத்துக்காட்டிய இன்னொரு உடம்பு, நெடுநாள் உழைப்பதற்கென்று 2001-இல் சயன்டிபிக் அமெரிக்கன் இதழில் ஓல்ஷான்ஸ்கி முதலிய ஆய்வாளர்கள் மூவர் சொன்னது. அதுவும் அப்படியே: குள்ளம், முன்சாய்ந்த மேலுடல், தடித்த எலும்பு. பிள்ளை பெற்று வளர்க்கும் வயதைத் தாண்டி நாம் நெடுங்காலம் வாழ்வதால்தான் இந்தத் தொல்லைகள் என்பது அவர்கள் வாதம். அதையும் காணோம். தடித்த எலும்பென்றால் உடம்பும் கனக்கும். திசையன்விளைப் பக்கம் பனையேறுகிறவரிடம் அந்த உடம்பைக் கொடுத்தால் அவர் மரத்தடியிலேயே நின்றுவிடுவார்.

ஒன்றைத் திருத்தினால் இன்னொன்று போகும் என்பதை நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் பாடத்தில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ரத்தச் சிவப்பணுவை அரிவாள் போல வளைத்துவிடும் அரிவாள் செல் மரபணு ஒருவருக்கு ஒன்று மட்டும் இருந்தால் மலேரியா முற்றாமல் காக்கும். தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டும் வந்துவிட்டால் அதுவே நோய். இதைக் குறை என்பதா, காப்பு என்பதா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். முன்பு கண்ணின் படம் ஒன்று போட்டு, பார்வை நரம்பு வெளியேறும் இடத்தை ‘மஞ்சள் புள்ளி’ என்றும், கூர்மையாகப் பார்க்கும் இடத்தைக் ‘குருட்டுப் புள்ளி’ என்றும் மாற்றி அச்சிட்டீர்கள். அப்போதும் கடிதம் எழுதினேன். பதிலும் இல்லை, திருத்தமும் இல்லை. எங்கள் பள்ளி அறிவிப்புப் பலகையில் அந்தப் படத்தை ஒரு மாணவி ஆசையாக ஒட்டியிருந்தாள். நான்தான் கிழிக்க வேண்டியதாயிற்று. அப்புறம் அந்தப் பக்கமே பாதியாகச் சுருங்கியது, மீதியில் ஜவுளிக் கடை விளம்பரம். உடல்நலப் பக்கத்தில் முதுகு வலிக்கு யோசனை சொன்னால், நாற்காலியும் கணினியும் உள்ளவர்களுக்கே சொல்கிறீர்கள். தரையில் உட்கார்ந்து பீடி சுற்றுகிற, பாய் நெய்கிற பெண்கள் உங்கள் வாசகர்கள் இல்லையா? மேலப்பாளையத்திலும் பத்தமடையிலும் உங்கள் பத்திரிகை வீடு வீடாகப் போகிறதே.

நான் கேட்பது இவ்வளவுதான். அடுத்த புதன்கிழமை கிரகாமை எதற்காகச் செய்தார்கள் என்று நாலு வரி போடுங்கள். கண்ணின் படத்தைச் சரியான பெயர்களோடு மறுபடி அச்சிடுங்கள். காலாண்டுத் தேர்வுக்கு முன்பே வந்தால் பிள்ளைகளுக்கு உதவும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை,
முக்கூடல்.